திறமையா, தற்செயலா? பரிசுப் போட்டித் தீர்ப்புகளை ஓசூரிலிருந்து வாசித்தல்

விமர்சனம் என்றால் நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்து ஆராய்வதே நம் வழக்கம். நீதிமன்றத் தீர்ப்பும் ஓர் எழுத்துதான். அதற்கும் ஆசிரியர் உண்டு, நடை உண்டு, எடுத்துக்கொண்ட பொருளும் எடுக்காமல் விட்ட பொருளும் உண்டு. நூலில் நேரும் பிழையால் வாசகர் சிலர் குழம்புவர். தீர்ப்பில் ஓர் அளவுகோல் தவறினால் எங்கோ முகமறியாத குடும்பங்களில் அடுப்பு எரிவது நின்றுபோகும். ஆகவே 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் வழங்கிய இரு தீர்ப்புகளை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அவ்விரண்டிலும் வழக்காடியவர் ஆர். எம். டி. சமர்பாக்வாலா என்பவர். ஒன்றில் எதிர்த்தரப்பு பம்பாய் மாநிலம். மற்றொன்றில் இந்திய ஒன்றியம்.

வழக்கின் பொருள் குறுக்கெழுத்துப் போட்டி. இக்காலத்து வாசகர்க்கு அது நாளிதழின் ஒரு மூலையில் கிடக்கும் பொழுதுபோக்கு. 1930கள் முதல் 1950கள் வரை அது பெரும் வணிகமாயிருந்தது. எஸ். எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கியபின் அதன் விற்பனை பெருகியதற்கு நகைச்சுவையையும் கல்கியின் எழுத்தையும் காரணம் சொல்வர். குறுக்கெழுத்துப் போட்டியும் ஒரு காரணமே. போட்டியின் வழிமுறை எளியது. இதழில் கட்டங்களும் குறிப்புகளும் அச்சாகும். வாசகர் அவற்றை நிரப்பி நுழைவுக் கட்டணத்துடன் அனுப்புவார். திரண்ட தொகையில் ஒரு பகுதி பரிசாகும். மீதி நடத்துவோரைச் சேரும். சூட்சுமம் குறிப்புகளில் இருந்தது. நாமே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்ப்போம். மனிதனை உயர்த்துவது, மூன்றெழுத்து, முதலெழுத்து தவிர மற்றவை ‘ணம்’. குணம் என்பார் பள்ளி ஆசிரியர். பணம் என்பார் கடைக்காரர். இரண்டும் மொழிக்குப் பொருந்தும். உலக அனுபவத்துக்கும் பொருந்தும். ஆனால் பரிசு, நடத்துவோர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த சொல்லுக்கே. இத்தகைய இரட்டை வாய்ப்பு பத்து இடங்களில் வருமாயின் 1024 விடைகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றே வெல்லும். கற்றவரும் கல்லாதவரும் அங்கே ஒரே நிலையில் நிற்பர். அறிவுப் போட்டி என்னும் பெயர் மட்டும் முகப்பில் இருக்கும்.

சமர்பாக்வாலாவின் நிறுவனம் இத்தகைய போட்டியை ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் வார இதழ் வழியாக நடத்திற்று. அவ்விதழ் அச்சானதும் வெளியானதும் அக்கால மைசூர் மாநிலத்துப் பெங்களூரில். மிகுதியான படிகள் சென்றதோ பம்பாய் மாநிலத்துக்கு. 1948ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் பரிசுப் போட்டிகளுக்கு உரிமமும் வரியும் விதித்தது. எனினும் வெளியிடத்தில் அச்சான இதழ்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 1952இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. அதன்மேல் எழுந்ததே முதல் வழக்கு. பெங்களூரில் அச்சிட்டுப் பெங்களூரில் பரிசு வழங்கும் போட்டிக்குப் பம்பாய் எவ்வாறு வரி போடலாம் என்பது நிறுவனத்தின் வாதம்.

இவ்விடத்தில் ஓசூர் நம் நினைவுக்கு வருகிறது. அவ்வழக்கு ஓசூரைப் பற்றியதன்று. ஆயினும் அதன் சிக்கலை ஓசூரைப்போல் நாள்தோறும் வாழ்ந்து காட்டும் ஊர் தமிழ்நாட்டில் அரிது. ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ அச்சான நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. சூதாட்டம் அரசியலமைப்பின்படி மாநிலங்களின் பொருள். ஆதலால் சில மாநிலங்கள் தீர்மானம் இயற்றிக் கேட்டுக்கொண்டதன்பேரிலேயே நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை நிறைவேற்றிற்று. கேட்டுக்கொண்ட மாநிலங்களின் பட்டியலில் சென்னை இருந்தது. சட்டம் நிறைவேறியபோது அப்பட்டியலில் மைசூர் இல்லை. கட்டுப்பாட்டுக்கும் வரிக்குமாக 1951இல் தானே இயற்றிய சட்டம் அதற்கு இருந்தது. ஜூஜூவாடிக்கு இப்பால் ஒரு நெறி, அத்திப்பள்ளிக்கு அப்பால் வேறு நெறி என்னும் நிலை நேற்று வந்ததன்று.

முதல் தீர்ப்பைத் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் எழுதினார். இருக்கு வேதத்தில் சூதாடி புலம்பும் பாடலையும் மகாபாரதத்தையும் மனுவையும் சான்று காட்டி, சூது இந்நாட்டில் என்றும் இழிவாகவே கருதப்பட்டதெனவும், ஆதலின் அது அரசியலமைப்பு காக்கும் தொழிலோ வணிகமோ ஆகாதெனவும் அவர் முடிவு செய்தார். தமிழர் இப்பட்டியலோடு திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். வள்ளுவர் சூதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே, அதுவும் அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில் வைத்திருப்பது எண்ணத்தக்கது. தனிமனிதன் ஒழுக்கக்கேட்டோடு அது நின்றுவிடவில்லை. நாட்டின் பொருளைத் தின்னும் நோயாகவும் அவர் கண்டார் போலும்.

சான்றோர் வாக்குகளைக் காட்டிலும் நமக்கு முதன்மையாகத் தோன்றுவது அத்தீர்ப்பின் மற்றொரு பகுதி. இதழ் எங்கே அச்சாகிறது என்று பார்க்க வேண்டுவதில்லை. அழைப்பு யாரிடம் சென்றது, படிவம் எங்கே நிரப்பப்பட்டது, கட்டணம் எங்கே செலுத்தப்பட்டது என்றே பார்க்கவேண்டும் என நீதிமன்றம் கருதிற்று. அவையெல்லாம் பம்பாயில் நிகழ்ந்தன. ஆகவே பம்பாய்க்கு அதிகாரம் உண்டு. வேறு சொல்லில் கூறினால், ஏழையின் கையை விட்டுப் பணம் புறப்படும் இடமே ஆட்டம் நடக்கும் இடம். எல்லைப்புற மக்களின் நிலைமையை இதைவிடத் தெளிவாக எந்த நீதிபதியும் உரைத்ததாக நாம் காணவில்லை. கைப்பேசியும் இணையமும் எவர் கனவிலும் வராத காலத்தில் எழுதப்பட்ட வரிகள் அவை.

இரண்டாம் தீர்ப்பு வேறு வகையானது. அதை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர், சட்ட அறிஞர் மட்டுமல்லர், 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற இசைவாணர். சட்ட வாசிப்பிலும் அவருக்குச் சுருதி பிசகாது. ஆயினும் இங்கேதான் நாம் மாறுபடுகிறோம்.

1955ஆம் ஆண்டுச் சட்டம் பரிசுப் போட்டிக்கு அளித்த வரையறை அகலமானது. எழுத்து, சொல், எண் ஆகியவற்றை அமைத்தும் இணைத்தும் மாற்றியும் விடை காணும் எப்புதிருக்கும் பரிசு கொடுத்தால் அது பரிசுப் போட்டி. பெயர் எதுவாயினும் சரி. அவ்வரையறையில் திறமை, தற்செயல் என்ற பிரிவினை இல்லை. சட்டம் வேறொன்றைக் கவனித்தது. ஒரு மாதத்தில் அளிக்கும் பரிசுகளின் மொத்த மதிப்பு 1000 ரூபாய்க்கு மேற்படலாகாது. ஏற்கும் படிவங்கள் 2000த்துக்கு மேற்படலாகாது. அவ்வளவுக்குட்பட்ட போட்டிக்கும் உரிமம் வேண்டும். நுழைவுக் கட்டணம் எட்டணா என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 2000 படிவங்களுக்குக் கிடைப்பது 1000 ரூபாய். அதுவே பரிசின் உச்ச அளவு. ஊர் வாசகசாலை நடத்தும் போட்டி இதற்குள் பிழைத்துக்கொள்ளும். இலட்சக்கணக்கானோரிடம் சில்லறை திரட்டி அதில் ஒருவனைச் செல்வனாக்கிக் காட்டி மீதியை வைத்துக்கொள்ளும் வணிகம் பிழைக்காது. விளையாடுபவனின் அறிவு எவ்வளவு என்று அச்சட்டம் கேட்கவில்லை. நடத்துபவனின் வலை எவ்வளவு அகலம் என்று கேட்டது.

இவ்வரம்புகள் திறமைப் போட்டிகளையும் கட்டுப்படுத்துமாயின் அது தொழில் உரிமைக்கு முரணாகும் என்று வாதம் எழுந்தது. சட்டம் முழுவதும் வீழும் இடர் இருந்தது. நீதிமன்றம் அதைக் காக்க விரும்பிற்று. சட்டம் பிறந்த வரலாற்றைப் பார்த்தால் அதன் நோக்கம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளே. திறமைப் போட்டிகளை அது தொடவில்லை. தொட்டதாகக் கொண்டாலும் அப்பகுதியைப் பிரித்து நீக்கிவிடலாம் எனத் தீர்த்தது. நீதிபதி சட்டத்தைக் காப்பாற்றினார் என்பதை மறுக்க இயலாது. காப்பாற்றிய கையே அளவுகோலை மாற்றிவிட்டது. நாடாளுமன்றம் வைத்திருந்த கேள்வி வலையின் அகலத்தைப் பற்றியது. தீர்ப்பு விட்டுச் சென்ற கேள்வி ஆட்டத்தின் இயல்பைப் பற்றியது: இது திறமையா, தற்செயலா? அன்றிலிருந்து சூது பற்றிய நம் வழக்குகள் பெரும்பாலும் இவ்வொரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

1967இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின்மேல் தொடுத்த வழக்கில் ரம்மி ஆட்டம் பெரிதும் திறமையைச் சார்ந்ததென உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1996இல் குதிரைப் பந்தயமும் திறமையே என்றது. 1974இல் தமிழ்நாடு இயற்றியிருந்த பந்தய ஒழிப்புச் சட்டம் அதனால் பயனற்றுப் போயிற்று. 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஒரு குறிப்பு உண்டு. மன்றத்தை நடத்துபவர் பணயம் வைத்தாடும் ஆட்டத்தால் இலாபம் அடைவாராயின் குற்றம் நிலைபெறக்கூடும் என்பது அது. திறமையான ஆட்டமேயாயினும் யார் இலாபம் பெறுகிறார் என்று பார்க்கவேண்டும் என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருந்தது. பின்வந்தோர் ‘ரம்மி திறமை’ என்னும் முற்பகுதியை உரக்கப் படித்தனர். பிற்பகுதியை மெல்லப் படித்தனர். 2025ஆம் ஆண்டுத் தடை வரும்வரை இணைய ரம்மி நிறுவனம் ஒவ்வொரு மேசையிலும் பணயத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தது. ஆடுவோர் மாறி மாறி வெல்வர், தோற்பர்; மேசை ஒருநாளும் தோற்பதில்லை.

இந்த ஒற்றைக் கேள்வி எல்லைப்புறத்தில் என்ன விளைவித்தது? முதலில் பரிசுச் சீட்டைச் சொல்ல வேண்டும். அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு வணிகத்தில் இறங்கிற்று. இடையில் நிறுத்தப்பட்டும் மீண்டும் தொடங்கப்பட்டும் நடந்து, 2003இல் எல்லா மாநிலச் சீட்டுகளுக்கும் தடை வந்தது. கர்நாடகம் தடை செய்தது 2007இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஜூஜூவாடியில் குற்றமாயிருந்தது அத்திப்பள்ளியில் அரசின் வருவாயாயிருந்தது. பரிசுச் சீட்டில் திறமை என்று எவரும் வாதிடவில்லை, முழுவதும் தற்செயலே. ஆயினும் அரசு நடத்தினால் அது சூதன்று என்பதுபோல் நடந்துகொண்டோம். அரசு நடத்தும் சீட்டும் சூதே என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லவேண்டியிருந்தது.

பின்னர் இணைய ஆட்டம் வந்தது. இம்முறை எல்லை தலைகீழாயிற்று. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் சட்டமும் கொண்டுவந்தது. திறமை ஆட்டங்களையும் தடுத்ததைக் குறையாகக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3 அன்று அதைச் செல்லாததாக்கிற்று. இரண்டு மாதங்களில், அக்டோபர் 5 அன்று, கர்நாடகத்தின் தடை நடைமுறைக்கு வந்தது. 2022 பிப்ரவரி 14 அன்று அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த நான்கு மாதங்கள் அத்திப்பள்ளியில் குற்றம், ஓசூரில் உரிமை. பின்னர் நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கையும், 2022 அக்டோபரில் சட்டமன்றம் இயற்றிய மசோதாவும், ஆளுநர் அதைத் திருப்பியனுப்பியதும், மீண்டும் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றதும் வாசகர் அறிந்தவை. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை என்று பட்டியலிலிருந்து விடுவித்தது. எதற்காகச் சட்டம் பிறந்ததோ அதையே கழித்துவிட்டுச் சட்டம் நின்றது. எஞ்சியதைக் கட்டுப்படுத்த 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை பண ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்பட்டது; ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதைச் சரியென்றது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதே. எனினும் சிப்காட் பகுதியில் இரவு என்பது எல்லார்க்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. இரவு ஷிப்ட் முடித்தவனுக்குக் காலை எட்டு மணிதான் உறங்கும் வேளை. தனிமையின் வேளையும் அதுவே.

காலையில் ஓசூரில் பேருந்து ஏறிப் பொம்மசந்திராவில் இறங்கி, மாலையில் திரும்பும் தொழிலாளி இவ்வாண்டுகளில் நாளொன்றுக்கு இருமுறை சட்டம் மாறினான். அவன் கைப்பேசி மாறவில்லை. 1957ஆம் ஆண்டின் முதல் தீர்ப்பை நினைவில் வைத்திருந்தால், பணம் யார் வீட்டிலிருந்து புறப்படுகிறது என்று கேட்டிருப்போம். அவ்வாறு கேட்டிருந்தால் எல்லையின் இருபுறமும் விடை ஒன்றாகவே இருந்திருக்கும்.

செய்தித்தாள்களைப் பற்றிச் சிறிது நேரம் நின்று பேசவேண்டும். 1950களில் இதழ்களே போட்டியை நடத்தின. பரிசுச் சீட்டுக் காலத்தில் அவை முடிவுகளை அச்சிட்டன. அப்பக்கத்துக்காகவே தாள் வாங்கியோர் பலர். 2020க்குப் பின் ரம்மிக்கும் கற்பனைக் கிரிக்கெட் அணிகளுக்கும் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. கடன்பட்டு மாண்டவரைப் பற்றிய செய்தி உட்பக்கத்தில் வந்தது. ஊடகங்கள் இத்தகைய விளம்பரங்களைத் தவிர்க்கவேண்டுமென ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூனில் கேட்டுக்கொண்டது. அது ஓர் அறிவுரை. 1955ஆம் ஆண்டுச் சட்டமோ, விதியை மீறிய போட்டியையோ அதன் விளம்பரத்தையோ தாங்கிவரும் இதழின் ஒவ்வொரு படியையும் அரசு பறிமுதல் செய்யலாம் என்றிருந்தது. பத்திரிகை உரிமையை மதிக்கும் நாம் பறிமுதலை வரவேற்பதற்கில்லை. எனினும் அந்நாளைய சட்டம் இதழைச் சாட்சியாகப் பாராமல் பங்காளியாகப் பார்த்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இனி, திருமறையின் பக்கம் வருவோம். சூதைக் கண்டிக்கும் நம் அருளுரைகள் பலவும் தற்செயலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. அதிர்ஷ்டத்தை நம்புவது கடவுளின் பராமரிப்பை மறுப்பதாகும் என்பர். நீதிமன்றத்தின் கேள்வியையே சபையும் வேறு மொழியில் கேட்கிறது. திருமறை அவ்வாறு கேட்பதாகத் தெரியவில்லை. சீலோவில் யோசுவா சீட்டுப் போட்டு எஞ்சிய ஏழு கோத்திரங்களுக்கும் நிலத்தைப் பகிர்ந்தான். அந்நிலம் முன்னர் யாருடையது என்னும் கேள்வியை இறையியல் மாணவர் எழுப்பாமல் விடமாட்டார். அது தனிக் கட்டுரைக்குரியது. சீட்டு அங்கே செய்த வேலை என்ன? வலியவன் நல்ல வயலைப் பிடித்துக்கொள்ளாதபடி தடுத்தது. ஏழு பேரில் ஒருவனும் வெறுங்கையோடு திரும்பவில்லை. மத்தியாவைத் தெரிந்துகொண்டபோதும் சீட்டே போடப்பட்டது. செல்வாக்கும் சிபாரிசும் அங்கே நுழைய வழியில்லை. சிலுவையின் அடியிலும் சீட்டுப் போடப்பட்டது. போர்ச்சேவகர் அதே செயலைத்தான் செய்தனர். அங்கே பங்கிடப்பட்டதோ பறிக்கப்பட்டவனின் அங்கி. இரண்டிடத்திலும் தற்செயல் ஒன்றே. பொருள் எங்கிருந்து வந்தது, முடிவில் யார் வெறுமையானார் என்பதே வேறுபாடு.

அவ்வாறாயின் திருமறையின் கேள்வி, விந்தையாக, 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கேள்விக்கு அண்மையில் நிற்கிறது. சேர்ந்த பணம் யாருடையது? சேர்த்தவன் எவ்வளவு வைத்துக்கொண்டான்? வெறுங்கையோடு போனவர் எத்தனை பேர்? இக்கேள்விகளுக்கு முன் திறமை ஓர் அடைக்கலம் ஆகாது. சொல்லப்போனால் திறமை மிகுந்த ஆட்டத்தில் ஏழைக்கு ஆபத்து மிகுதி. பரிசுச் சீட்டில் தோற்றவன் விதியை நோவான். ரம்மியில் தோற்றவன் தன்னையே நோவான். இன்னும் சற்றுக் கவனமாய் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று எண்ணிக் கடன் வாங்கி மறுபடி உட்காருவான். ‘இது திறமையின் ஆட்டம்’ என்னும் சட்டச் சொல் அவனுக்கு விளம்பரச் சொல்லாகவும் வந்து சேர்கிறது.

அருளுரைகளின் மற்றொரு வழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். சூதாடுபவன் உழைப்பை வெறுக்கும் சோம்பேறி என்று பேசுவது எளிது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியதிலிருந்து ஓசூரை நாடி வந்தோர் உழைப்பைத் தேடி வந்தவர்கள். தருமபுரி, திருவண்ணாமலை வறட்சிப் பகுதிகளிலிருந்தும், பின்னாளில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் வந்து, நிரந்தரமற்ற ஒப்பந்த வேலையில் மிகைநேரமும் பார்த்து, ஓர் அறையில் பலராய்த் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்பும் இளைஞனைச் சோம்பேறி என்பது பொருந்தாது. தங்கையின் திருமணத்துக்கு வேண்டிய தொகையைத் தன் மாதச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தால் எத்தனை ஆண்டுகள் என்று அவனுக்குத் தெரியும். அக்கணக்கை ஓர் இரவில் முடித்துவைப்பதாகச் சொல்லும் குரலுக்கு அவன் செவிசாய்க்கிறான். உழைப்பினால் மட்டும் எட்டமுடியாதபடி வாழ்வை உயரத்தில் வைத்துவிட்டு, எட்ட முயன்றவனைப் பேராசைக்காரன் என்று பிரசங்கிப்பது போதகர்க்கு அழகன்று.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு பற்றிய சட்டத்தை இயற்றிற்று. 20ஆம் நாள் மக்களவை, 21ஆம் நாள் மாநிலங்களவை, 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். இத்தனை பெரிய மாற்றத்துக்கு இவ்வளவு குறுகிய விவாதம் தகுமா என்பது வேறு. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் திறமையாயினும் தற்செயலாயினும் தடை செய்யப்படும் என்று அது கூறுகிறது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்வோர்க்கு ஈராண்டு, 50 இலட்சம். ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் உடனே பண ஆட்டங்களை நிறுத்தின; சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 1957இல் நழுவிய கேள்வியின் ஒரு பாதியை இச்சட்டம் மீட்டிருக்கிறது. ஆட்டத்தின் இயல்பை விட்டுப் பணயத்தைப் பார்க்கிறது. ஆடுபவனை விட்டு நடத்துபவனைப் பிடிப்பதும் சரியே. மறுபாதி இன்னும் வெளியே நிற்கிறது. குதிரைப் பந்தயத் திடலும் மாநில அரசுகளின் பரிசுச் சீட்டும் இச்சட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை.

இதன் விளைவு எல்லைப்புறத்துப் பெட்டிக்கடைகளில் தெரியும். கேரள அரசுச் சீட்டு முடிவின் இறுதி எண்களை வைத்து நடத்தப்படும் மூன்றிலக்கச் சீட்டுக்கு அச்சிட்ட சீட்டும் வேண்டாம், செயலியும் வேண்டாம். ஒரு துண்டுத்தாளும் மாலையில் வரும் முடிவும் போதும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத்தொழிலாளி ஒருவரின் குடும்பம் குழந்தைகளோடு மாண்டது இச்சீட்டில் பட்ட கடனால் என்று நாடறிந்தது. பாரதிய நியாய சன்ஹிதா 112ஆம் பிரிவில் இத்தகைய விற்பனையைச் சிறு அளவிலான திட்டமிட்ட குற்றங்களோடு சேர்த்திருக்கிறது. பிடிபடுபவர் பெரும்பாலும் எண் எழுதிக் கொடுத்தவர். ஒரு மாநிலத்தில் அரசின் நலத்திட்டங்களுக்கு வருவாய் தரும் அதே எண், எல்லை கடந்ததும் பெட்டிக்கடைக்காரரைச் சிறைக்கு அனுப்புகிறது.

சபைகளின் நிலையும் இங்கே விசாரணைக்குரியது. அறுப்பின் பண்டிகைக்கும் ஆலயக் கட்டட நிதிக்கும் குலுக்கல் சீட்டு விற்பது பல இடங்களில் உண்டு. இணைய ரம்மியோடு இதை ஒப்பிடுவது மிகை என்பர். அளவில் மிகையே. பரிசுப் பொருளை ஒருவர் நன்கொடையாய்த் தருகிறார், சீட்டு வாங்குபவர் காணிக்கை என்றே கொடுக்கிறார், எவர் குடும்பமும் அதனால் அழியவில்லை என்னும் விடைகளில் நியாயம் உண்டு. திருமறை வினாடி வினாவுக்குப் பத்து ரூபாய்க் கட்டணம் வாங்குவதும் இவ்வகையதே; 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய சிற்றளவுப் போட்டிக்கு இடம் விட்டிருந்தது. ஆயினும் சில நகரச் சபைகளில் முதற்பரிசு மோட்டார் சைக்கிளாகவும் தங்க நாணயமாகவும் உயர்ந்து, சீட்டுப் புத்தகங்கள் தொழிற்சாலை வாயில் வரை சென்று, உறுப்பினரல்லாதாரிடமும் விற்கப்படுகின்றன. அங்கே ‘திறமையா, தற்செயலா’ என்று விவாதிப்பதில் பயனில்லை. சேகரக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று தொகைகளை வாசித்தால் போதும்: எத்தனை சீட்டுகள் விற்றன, பரிசுக்குச் செலவானது எவ்வளவு, மீந்தது எவ்வளவு. அதோடு, சீட்டு வாங்கியவர்களில் தினக்கூலிகள் எத்தனை பேர் என்பதையும் எவரேனும் கேட்கவேண்டும்.